செய்யாமல் விட்டவை

ஞாயிறு காலை ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கை வரும்போது எல்லோரும் முழங்காலில் இருப்போம். முழங்கால் மடக்க முடியாத பெரியவர்கள் முன் பெஞ்சின் விளிம்பில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வார்கள். மனப்பாடமான வாசகம், ஒரே மூச்சில் ஓடிவிடும். அறுபது வருஷமாக நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். போன அட்வென்ட் முதல் ஞாயிறன்று தொண்டை கட்டியிருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அறிக்கையின் வரிசை எனக்கு உறைத்தது. செய்த தப்புகள் அதில் இரண்டாவதாக வருகின்றன. செய்யாமல் விட்ட கடமைகள்தான் முதலில்.

நம்முடைய கணக்கு வேறு. நமக்குப் பாவம் என்றால் செய்தது: குடித்தது, பொய் சொன்னது, அடுத்தவன் வரப்பை வெட்டியது. சபையிலிருந்து ஒருவரைத் தள்ளிவைப்பதாக இருந்தாலும் அவர் என்ன செய்தார் என்றுதான் விசாரிப்போம். எதைச் செய்யவில்லை என்று கேட்க எந்தக் கமிட்டியும் யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்ததில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்தேன். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் நான் நடத்திய அதிகாரம். பத்துக் கன்னிகைகளில் புத்தியில்லாத ஐந்து பேர் யாரையும் ஏமாற்றவில்லை. எண்ணெய் எடுத்துவரவில்லை, அவ்வளவுதான். ஒரு தாலந்து வாங்கியவன் அதைத் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. மண்ணில் பத்திரமாகப் புதைத்துவைத்து அப்படியே திருப்பிக் கொடுத்தான். இடது பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் மேல் கொலைக்குற்றமோ களவுக்குற்றமோ சாட்டப்படவில்லை. பசித்தவருக்குச் சாப்பாடு போடவில்லை, அந்நியரை வீட்டில் சேர்க்கவில்லை, நோயாளியையும் சிறையில் கிடந்தவரையும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று கதையிலும் ஆட்கள் வெளியே நிற்பது செய்யாமல் விட்டதற்காக. கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்னவற்றில் இதைவிட விரிவான காட்சி வேறு இல்லை. வருஷா வருஷம் இதைப் பிள்ளைகளுக்கு நடத்தி, பரீட்சை வைத்து, பரிசும் கொடுத்திருக்கிறேன். எனக்கு நானே ஒருநாளும் நடத்திக்கொள்ளவில்லை.

சபையார் என்ற முறையில் நாம் செய்யாமல் விட்டதில் என் கண்ணில் பட்டதை எழுதுகிறேன். ‘நாம்’ என்று வரும் இடத்திலெல்லாம் முதல் ஆள் நான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அசனம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிரதிஷ்டைப் பண்டிகையின்போது சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அசனம் என்ற சொல்லுக்கே உணவு என்றுதான் பொருள். முதல்நாள் ராத்திரியே கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டிவிடுவார்கள். வாலிபர்கள் விடிய விடிய கத்தரிக்காய் நறுக்குவார்கள். சோற்றை வடித்து ஓலைப்பாயில் தட்டும்போது எழும்பும் ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. எந்த ஊரில் இருந்தாலும் அந்த வாசனை எங்களைக் கூப்பிட்டுவிடும். அரிசி கொடுத்தவனும் தேங்காய் கொடுத்தவனும் ஒன்றும் கொடுக்க முடியாதவனும் ஒரே பந்தி. அப்படித்தான் ஆரம்பித்தது. என் பாட்டி காலத்தில் வழியோடு போகிறவர்களையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்களாம்.

சில வருஷங்களுக்கு முன் டோக்கன் வந்தது. கூட்டம் அதிகம், கணக்குத் தெரியவேண்டும், வீண் போகக்கூடாது என்று கமிட்டியில் பேசினோம். காரணங்கள் எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன. சங்கக் காணிக்கை கட்டிய குடும்பத்துக்குத் தலைக்கு ஒரு டோக்கன். கேட்டில் நின்று வாங்கும் பொறுப்பு எனக்கு.

அந்த வருஷம் பன்னிரண்டேகால் மணி வாக்கில், எங்கள் தெருவைக் கூட்டும் அம்மா வந்து நின்றார். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அதன் மூடியைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே, “ஐயா, பேத்திக்கு ரெண்டு நாளா காய்ச்சல். வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல. அசனச் சோறுன்னா திங்கேன்னு சொல்லுதா” என்றார்.

“முதல்ல பந்தி முடியட்டும்மா. அந்தப் பக்கமா நில்லுங்க” என்றேன். நான் கை காட்டிய இடம் வேப்பமரத்தடி. ஜனங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்த இடம்.

மூன்று பந்தி ஓடியது. மூன்று மணிக்கு நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. எப்போது போனார் என்று தெரியவில்லை. அன்று இரண்டு அண்டா சோறு மிஞ்சியது. சாயங்காலம் மாடு வைத்திருக்கிறவர்கள் வந்து எடுத்துப்போனார்கள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போலத் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல “வணக்கம்யா” என்றார். பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. பசித்தவருக்குச் சாப்பாடு கொடுக்காதவர்களைப் பற்றி மத்தேயுவில் வருவதை இனி நான் உவமை என்று நடத்த முடியாது. அதற்கு நாள் இருக்கிறது, மணி இருக்கிறது, ஒரு வேப்பமரம் இருக்கிறது.

லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்தை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர் பெரிய விருந்து வைக்கிறார். முன்னமே அழைப்புச் சொல்லியாயிற்று. நேரம் வந்ததும் வேலைக்காரனை அனுப்பி, எல்லாம் ஆயத்தம், வாருங்கள் என்கிறார். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், பார்க்கப் போகவேண்டும். ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான், ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒருவனுக்குக் கல்யாணம். மூன்றில் ஒன்றுகூடப் பாவம் இல்லை. வயலும் மாடும் பெண்டாட்டியும் ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதம் என்று நாமே சாட்சி சொல்லுகிறவை. அந்த ஆசீர்வாதங்களின் பேரிலேயே அவர்கள் விருந்தைத் தவறவிட்டார்கள். பிறகுதான் தெருக்களிலும் சந்துகளிலும் இருந்த ஏழைகளும் ஊனமுற்றவர்களும் பார்வையற்றவர்களும் வருகிறார்கள். இன்னும் இடம் இருக்கிறது என்றதும், ஊருக்கு வெளியே வேலியோரத்தில் கிடந்தவர்கள்.

வேலியோரத்து ஆட்களை வற்புறுத்தியாவது கூட்டிவரச் சொன்ன அந்த ஒரு சொல்லை வைத்து, அபிப்பிராயம் வேறானவர்களை அதிகாரத்தால் அடக்கலாம் என்று அகுஸ்தீனுவே வாதாடியிருக்கிறார். திருச்சபை வெட்கப்படவேண்டிய சரித்திரம் அது. நம் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் எளிதாக விளங்கும். ‘எனக்கெல்லாமா விருந்து?’ என்று தயங்கி வாசலில் நிற்கிறவரை, கையைப் பிடித்து இழுத்துவந்து இலை முன்னால் உட்காரவைக்கிறோமே, அந்த வற்புறுத்தல்தான் அது.

இந்தக் கதையில் நாம் யார்? நம் முன்னோர் வேலியோரத்துக்காரர்கள். அதை மறந்ததுதான் நம் முதல் குற்றம் என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டைச் சபையின் ஆரம்பம் குளோரிந்தா என்ற பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். 1780இல் அங்கே சபையார் நாற்பது பேர். குளோரிந்தா எழுப்பிய சிற்றாலயம் 1785இல் பிரதிஷ்டையானது. ஜனங்கள் இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். ஒருமுறை வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயரால் நம் முதல் கோயில் அழைக்கப்படுகிறது. 1799இல் முதலூர் உண்டானது, கிறிஸ்தவர்களானதால் துன்புறுத்தப்பட்டவர்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, பட்டினி கிடந்த ஜனங்கள் ஆயிரமாயிரமாகச் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். பனை ஏறியவர்கள், அடுத்தவர் வயலில் அடிமையாகக் கிடந்தவர்கள், பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடப்படாதவர்கள்.

சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று நம் முன்னோரை ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு நாமும் கூசிப்போனோம். பஞ்சத்துக்கு முந்தியே நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். கூசுவதற்கு இதில் என்ன இருக்கிறது? உவமையில் வேலியோரத்திலிருந்து வந்தவர்களும் விருந்துக்குத்தான் வந்தார்கள். பசியோடு வந்ததற்காக அந்த வீட்டுக்காரர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. பசியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டில் டோக்கன் புத்தகத்தோடு நிற்பதைத்தான் அவர் கேட்கப்போகிறார்.

டோக்கனுக்கு முன்னாலேயே சுவர் வந்துவிட்டது. வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயம் ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது, ஒரு சாதியார் இன்னொரு சாதியாரைப் பார்க்காமல் பூசை காண்பதற்காக. 1910இல் நடுச்சுவரை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு சாதியார் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்துவின் பந்தியில் இன்னாருக்கென்று தனி இடம் கிடையாது என்று நமக்குச் சொல்ல ஓர் உலக நீதிமன்றம் தேவைப்பட்டது. இதை வாசிக்கும் என் சபையார், அது அவர்கள் சபை, நாம் சீர்திருத்தச் சபை என்று தள்ளிவிட வேண்டாம். மிஷனெரி சீகன்பால்கு கட்டி 1718இல் பிரதிஷ்டையான தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிக்கு ஓர் இடமாகத்தான் உட்கார்ந்தோம். சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிடவேண்டும் என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது, விட மனமில்லாமல் சபையை விட்டே வெளியேறினார்கள் நம்மவர்கள். அன்றைக்கு வெளியேறினார்கள். இன்றைக்கு நாம் உள்ளேயே இருந்துகொண்டு விடாமல் வைத்திருக்கிறோம்.

கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச்சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ தடவை எழுதிவிட்டன. எக்காளம் ஊதும்போது இரண்டு பக்கத்துக் கல்லறைகளும் ஒரே நேரத்தில் திறக்கும் என்று விசுவசிக்கிற ஜனம் நாம்! கல்யாண விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட மணமகன் தேவை’ என்று போடுவோம். அதே வரியில் சாதிப் பெயரும் இருக்கும். என் மகளுக்கு நான் கொடுத்த விளம்பரத்திலும் அந்தச் சொல் இருந்தது. அவள் அப்போதே, “இது எதுக்குப்பா?” என்று கேட்டாள். ஒரு வழக்கம், அவ்வளவுதான் என்றேன்.

அடுத்தது பதிவேடு. சபைப் பொருளாளராகச் சில வருஷம் இருந்தேன். நீளமான நோட்டு, சிவப்புக் காலிகோ அட்டை, பக்கத்துக்கு முப்பது குடும்பம். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘பாக்கி’. ஒருநாள் விடிகாலையில் ஒருவர் இறந்துபோனார். லாரி ஓட்டியவர், கோயிலுக்கு அதிகம் வராதவர். நோட்டைப் புரட்டினால் ஆறு வருஷப் பாக்கி. அதைக் கட்டினால்தான் மணி அடிப்பது, கல்லறைக் குழிக்கு உத்தரவு கொடுப்பது என்று கமிட்டியில் முடிவானது. வீட்டில் ஐஸ்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு அவருடைய மருமகன் பணத்தோடு வந்தார். நூறும் இருநூறுமாகக் கசங்கிய நோட்டுகள், நாலைந்து பேரிடம் கைமாற்று வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. எண்ணி வாங்கி இரசீது எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது என் கை நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் நடுங்குகிறது. மணி அடித்தோம். அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பற்றி வாசித்தோம்.

வெளிப்படுத்தல் 20ஆம் அதிகாரத்தில் பெரிய வெள்ளைச் சிங்காசனத்துக்கு முன்னால் புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன. செத்தவர் எல்லோரும், பெரியவர் சிறியவர் என்றில்லாமல், அங்கே நிற்கிறார்கள். அந்தப் புஸ்தகங்களில் அந்த லாரி டிரைவருக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்று காலை பதினொரு மணி இரசீது என் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தீர்ப்பின் காட்சி முடிந்து இரண்டே அதிகாரத்தில் வேதாகமம் முடிகிறது. அது முடியும் இடத்தில் மறுபடியும் அழைப்பு. தாகமாயிருக்கிற எவரும் வரலாம், ஜீவத்தண்ணீரை விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று. தீர்ப்பை எழுதிய அதே கை, புத்தகத்தை மூடுமுன் கதவை ஒருமுறை அகலத் திறந்து காட்டுகிறது. ஏசாயாவும் பணமில்லாதவர்களைத்தான் கூப்பிட்டு, வந்து சாப்பிடச் சொல்கிறார். அப்படி ஒரு விருந்துக்கு நாம் சந்தா ரசீது கேட்டோம். கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாமா, ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நானே கணக்கு எழுதியவன், செலவு எனக்குத் தெரியும். ஆனால் செத்த வீட்டு வாசலில் வசூலித்த பணத்தில் அடித்த பெயிண்டை எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிரசங்கபீடத்தையும் சொல்லவேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தேரி மணலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கன்வென்ஷன் நடக்கும். நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் பிள்ளைகளுக்கு ராத்திரித் தூக்கம் வராது. சினிமா பார்க்கிறவர்களுக்குத் தீர்ப்பு, பூ வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தீர்ப்பு, அடுத்த தெருக்காரர்களுக்குத் தீர்ப்பு. ஒலிபெருக்கியின் வாயை எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டவேண்டும் என்றுகூடப் பெரியவர்கள் யோசித்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்தான் ஆரம்பிக்கும் என்று பேதுரு எழுதியிருக்கிறார். அந்த வசனத்தின் மேல் ஒரு கன்வென்ஷன் செய்தியும் கேட்ட ஞாபகம் இல்லை.

பிறகு அந்தக் காலம் போய்விட்டது. பயமுறுத்தியது போதும் என்று தீர்ப்பையே எடுத்து வைத்துவிட்டோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டை வரும். கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று எடுப்போம். பெருகுவாய், உயர்த்துவேன், வாலாகாமல் தலையாவாய். எத்தனையோ வருஷம் எடுத்திருக்கிறேன்; மனந்திரும்பு என்று ஓர் அட்டை வந்ததில்லை, யாரும் அப்படி ஒன்றை அச்சடிப்பதும் இல்லை. தீர்ப்பு இல்லாத அழைப்பு வெறும் விளம்பரமாகிவிட்டது. அழைப்பு இல்லாத தீர்ப்பு முன்னால் வெறும் மிரட்டலாக இருந்தது. இரண்டையும் ஒரே வாயால், ஒரே கண்ணீரோடு சொல்ல நமக்குத் தெரியாமல் போயிற்று. இயேசு எருசலேமைப் பார்த்து அழுதுகொண்டேதான் அதன் அழிவைச் சொன்னார்.

கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் இயேசுவின் படம் நம் வீடுகளில் காலண்டராகத் தொங்குகிறது. அந்தக் கதவு அவிசுவாசியின் இருதயம் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். அது லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. ஐசுவரியம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்ட சபை. அவர் வெளியே நின்று தட்டியது அந்தச் சபையின் கதவை.

பவுல் பேலிக்ஸ் முன்னால் நின்றதை யோசித்துப் பாருங்கள். பவுல் கைதி, பேலிக்ஸ் தேசாதிபதி. நீதி, இச்சையடக்கம், இனி வரும் நியாயத்தீர்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பவுல் பேசப் பேச அந்த அதிகாரி பயந்தான். நாமோ தீர்ப்பை நம்மைவிட எளியவர்களிடம் மட்டும் பேசக் கற்றுக்கொண்டோம். சபைப் பணத்தைத் தின்றவர் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் அந்த வசனம் ஞாபகம் வருவதில்லை. திருமண்டலத் தேர்தல் வழக்குகளோ நீதிமன்றம் நீதிமன்றமாக அலைகின்றன. சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் வழக்காடுவதைக் கொரிந்து சபையில் பவுல் கண்டித்தார் என்பதும் ஓய்வுநாள் பள்ளிப் பாடம்தான்.

இதே மண்ணில் வேறு மாதிரி ஜனங்களும் இருந்தார்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியாவும் கூட்டாளிகளும் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியம் ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் காணிக்கையில் நடத்துவோம் என்றார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டில் பார்த்து வளர்ந்தேன். அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புக்குப் பக்கத்து மண்கலயத்தில் போடுவாள். பஞ்சகாலத்திலும் அந்தக் கைப்பிடி நின்றதில்லை. ரேஷன் அரிசி வரத் தாமதமான ஒரு வாரம், எங்களுக்கே அரைவயிறு, அப்போதும் எடுத்தாள். ஏம்மா என்று அழுதேன். “அவங்களும் சாப்பிடணும்ல” என்றாள். அந்த ‘அவங்க’ யார் என்று அவளுக்குத் தெரியாது. தோர்ணக்கல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அம்மா போனபிறகு கலயம் கொஞ்ச நாள் பரணில் கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது உடைந்துவிட்டது. கட்டின வீட்டில் அதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் சொல்லக் கடினமானது.

எங்கள் தெரு முக்கில் ஒரு டீக்கடை. நடத்தியவர் என்னைவிட மூன்று வயது இளையவர். 26 வருஷப் பழக்கம். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு அச்சுமுறுக்கும் கேக்கும் அவர் வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசம் வரும். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மாதம் தினமும் பிளாஸ்கில் பால் கொண்டுவந்தார், காசு வாங்கவில்லை. அவர் சாமியை அவர் கும்பிட்டார், நான் கோயிலுக்குப் போனேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அதுதான் மரியாதை என்று இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் சபைச் சவஊர்வலம் ஒன்று கடையைத் தாண்டிப் போனது. ஷட்டரைப் பாதி இறக்கி மரியாதை செய்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார். “சார், செத்ததுக்குப் பெறவு என்ன ஆகும்னு ஒங்க வேதத்துல என்ன சொல்லியிருக்கு?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் அப்பா இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் டம்ளரை வைத்துவிட்டு, “அது பெரிய விஷயம். ஒருநாள் உக்காந்து பேசுவோம்” என்றேன். சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று பவுலிடம் சொன்னவன் பேலிக்ஸ். இங்கே கேட்டவர் தயாராக இருந்தார்; நாற்பது வருஷம் வேதம் நடத்தியவன்தான் நாள் தள்ளினேன்.

ஏன் தள்ளினேன் என்று பலநாள் யோசித்துவிட்டேன். மதம் மாற்றுகிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. ஆனால் நான் மாற்றப் போகவில்லையே, அவரே கேட்டார். விருந்து எங்கே நடக்கிறது என்று கேட்டவருக்கு வழி சொல்வதில் என்ன வற்புறுத்தல் இருக்கிறது? உண்மைக் காரணம் வேறு. பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குச் சொல்ல எனக்குத் தெரியும். அப்பாவை இழந்த சிநேகிதனுக்கு, என் வார்த்தையில், என் விசுவாசமாக, ஒரு நாள் கணக்குக் கேட்கப்படும், அந்தக் கணக்கில் நானும் தோற்றவன், ஆனால் எனக்காக ஒருவர் அதைக் கொடுத்துத் தீர்த்திருக்கிறார், உனக்காகவும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் சபைகளில் எத்தனை பேருக்கு வரும்?

எட்டு மாதம் கழித்து ஒரு காலை கடை திறக்கவில்லை. மாரடைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். மாலை போட்டேன், சுடுகாடு வரை நடந்தேன். அவருக்கு என்ன தீர்ப்பு என்பது என் கையில் இல்லை. அவர் கொண்டுவந்த பாலையும் அவர் கேட்ட கேள்வியையும் அறிந்த நியாயாதிபதி ஒருவர் இருக்கிறார், அவரிடம் விடுகிறேன். பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்பேன் என்று எசேக்கியேலுக்குச் சொல்லப்பட்டது. அதை யாரிடம் விடுவேன்?

கர்த்தர் வரத் தாமதிப்பது அவருடைய பொறுமை, ஒருவரும் கெட்டுப்போகக்கூடாது என்பதற்காக, என்று பேதுரு எழுதுகிறார். அந்தப் பொறுமையை நாம் நமக்குக் கிடைத்த லீவாக எடுத்துக்கொண்டோம்.

இப்போது கடையை மகன் நடத்துகிறான். முப்பது வயதுப் பையன், அப்பாவைப் போலவே அதிகம் பேசமாட்டான். கல்லாவுக்கு மேலே அப்பா படம், சந்தனம் வைத்து, சின்ன சீரியல் பல்பு போட்டிருக்கிறான். இன்று காலை ஐந்தரைக்குப் போனேன். மீன் ஏலத்துக்குப் போகிற ஆட்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஈரத்துணியால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, “உக்காருங்க சார். அரைச்சக்கரைதானே, அப்பா சொல்லியிருக்காங்க” என்றான்.

டம்ளர் கை பொறுக்காத சூடு. மற்ற நாளாக இருந்தால் நின்றபடியே குடித்துவிட்டு நடந்திருப்பேன். உட்கார்ந்தேன். ஆள் குறையட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.